உலக்கை நின்ற நேரம்

மோகன் போனில் சொன்னது ஒன்று. கிளமென்ட் மலையேறி வந்து பார்த்தது வேறு.

“எங்க வூட்டுல ஒரு ரூம் கீதுடா. அறுப்பு முடிஞ்சதும் சாமை மூட்டை அடுக்குவோம். உள்ள நின்னு பேசினா பேச்சு வாயத் தாண்டாது. எதிரொலி இல்லாத எடம் கேட்டியே, அது இதுதான்” என்று மோகன் அடித்துச் சொல்லியிருந்தான். அந்தச் சொல்லை நம்பித்தான் கிளமென்ட் விடிந்தும் விடியாமலும் கணியம்பாடியில் பைக்கை எடுத்தான். முதுகுப் பையில் மடிக்கணினி. பெட்ரோல் டாங்கின்மேல் கம்பளியில் சுற்றிய மைக். அமிர்தியைத் தாண்டி வளைவுகளில் ஏறும்போது ஒவ்வொரு குழிக்கும் ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டான்.

இப்போது அந்த அறையின் வாசலில் நின்றான். ஒரு மூட்டைகூட இல்லை. நாலு சுவருக்கும் புதுச் சுண்ணாம்பு. சிமெண்ட் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். நட்டநடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் மடித்த துண்டு. மூலையில் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

கிளமென்ட் உள்ளே போய் ஒருமுறை கை தட்டினான். கிணற்றுக்குள் கல் விழுந்ததுபோல் சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வந்தது.

“நல்லா கீதா தம்பி?” என்றாள் மோகனின் அம்மா அம்சவல்லி. அவள் முந்தானையெல்லாம் சுண்ணாம்பு. “நேத்து பொழுதன்னிக்கும் இதே வேலைதான்.”

“மூட்டைங்க எங்கம்மா?”

“கொட்டாயில போட்டாச்சு. ரெக்கார்டிங் பண்ண வர்றவரு மூட்டை சந்துலயா குந்துவாரு? ஊரு சிரிக்காது?”

மோகன் தலையில் கை வைத்துக்கொண்டான். “யம்மா, அந்த மூட்டைக்குத்தான் இவன் வந்ததே.”

“மூட்டைய பாக்கவா மலையேறி வந்தாரு?” என்றாள் மோகனின் மனைவி நதியா. “ஏன், கணியம்பாடியில அரிசி மூட்டை இல்லியாமா?” யாரும் சிரிக்கவில்லை என்று கண்டு அவளே சிரித்துக்கொண்டாள்.

விஷயம் மோகனின் தங்கை சசிகலாவுடையது. அந்த ஊரில் பட்டம் வாங்கிய முதல் பெண் அவள். படவேட்டுப் பக்கம் புதிதாகத் தொடங்கவிருந்த ஒரு சிறு வானொலியில் மலை நிகழ்ச்சிக்கு அறிவிப்பாளர் தேவைப்பட்டது. மலைப்பேச்சு தெரிய வேண்டும், பாடவும் தெரிய வேண்டும். ஒரு பாட்டைப் பதிந்து அனுப்பச் சொன்னார்கள். செல்போனில் பாடி அனுப்பினாள். குரல் நன்று, ஒலி தெளிவில்லை, மீண்டும் அனுப்பவும் என்று பதில் வந்தது. மீண்டும் அனுப்பினாள். அதே பதில், கூடவே ஒரு கடைசி நாள். அது இன்று. மாலை ஐந்து மணியோடு சரி. இது கைநழுவினால் அடுத்த வாரம் ஷூ கம்பெனி வேன் வரும்போது ஏறிப் போக வேண்டியதுதான்.

“அதுவும் நல்ல வேலைதாண்ணா” என்றாள் சசிகலா, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியபடி. “ஆனா அங்க பேசக்கூடாதாம். பேசினாலும் மெஷினு சத்தத்துல கேக்காதாம்.”

கிளமென்ட் தண்ணீரைக் குடித்தான். ஒன்றரை வருடமாக யாருக்கும் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரிந்ததில்லை. கணியம்பாடியில் ஒரு தனியார் பள்ளியில் கணினி ஆசிரியர் வேலை; அங்கே பாடம் சொன்னால் போதும். இந்த மைக்கும், அதை மடிக்கணினியோடு இணைக்கும் கையகலப் பெட்டியும் கல்யாணமான புதிதில் அவன் மனைவி ஜெப்சியும் அவனும் வாங்கியவை. கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது. துணி அலமாரியைத் திறந்துவைத்து, தொங்கும் புடவைகளுக்கு முகத்தைக் காட்டியபடி ஜெப்சி கோயில் பாட்டுகளைப் பாடுவாள். அவன் பதிவு செய்வான். பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. அவ்வளவுதான். பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று.

கல்லூரித் தோழன் மோகன் கேட்டதும் அவன் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. முடியாது என்றால் நிறையப் பேச வேண்டும். சரி என்றால் ஒரு சொல்லோடு போயிற்று.

“மூட்டைங்கள திரும்ப உள்ள அடுக்கணும்மா” என்றான். “சுவர் தெரியக்கூடாது.”

அம்சவல்லி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அடித்த சுண்ணாம்பைப் பார்த்தாள். “கூலி குடுத்தாலும் இந்த வேலைய எவனும் செய்ய மாட்டான்” என்று சொல்லிவிட்டு, முதல் மூட்டையின் காதை அவளே பிடித்தாள்.

அக்கம்பக்கத்தார் வந்தார்கள். சும்மா வரவில்லை, ஆளுக்கொரு கிண்டலோடு வந்தார்கள். மூன்று பக்கமும் தலை உயரத்துக்கு மூட்டை ஏறியது. வாசலில் இரண்டு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டார்கள். மேலே ஓட்டுக்கு அடியில் பழைய கம்பளி. நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஓர் இடுக்கு. கிளமென்ட் அதற்குள் போய் ஜமுக்காளத்தை இழுத்து மூடினான்.

சாமை வாசனை. இருட்டு. அவன் கை தட்டினான்.

தட்டியது கையில் தெரிந்தது, காதில் திரும்பி வரவில்லை. தட்டிய இடத்திலேயே சத்தம் உட்கார்ந்துவிட்டது. மறுபடி தட்டினான். அதே. ஒரு பருவத்தின் விளைச்சல் அவனைச் சுற்றி நின்று, எழுந்த ஒலியை எல்லாம் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. சென்னையில் வாடகைக்கு விடும் பெரிய ஸ்டுடியோ ஒன்றை ஒருமுறை பார்க்கப் போயிருக்கிறான். ஜெப்சியும் கூட வந்தாள். அங்கேகூட இப்படி ஓர் அமைதி இருந்ததாக நினைவில்லை. தன் மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் யாரோ பக்கத்தில் நின்று செய்வதுபோல் கேட்டது. உயிரோடுதான் இருக்கிறோம் போலிருக்கிறது என்று நினைத்தான். அந்த நினைப்பு விசித்திரமாக இருந்தது.

மைக்கை அதன் காலில் பொருத்தி நிறுத்தினான். அதன் முன்னால் வட்டமான துணித் தடுப்பை மாட்டினான். ஜமுக்காளத்தை விலக்கி எட்டிப்பார்த்த நதியா, “மைக்குக்குக்கூட கொசுவலையா! எம் புள்ளைக்கு வாங்கித்தர ஆளக் காணோம்” என்று மோகனை இடித்தாள்.

“‘ப’ன்னு சொல்றப்ப காத்து அடிக்கும்ங்க. அதைத் தடுக்க” என்றான் கிளமென்ட்.

மடிக்கணினியையும் பெட்டியையும் வாசலுக்கு வெளியே வைத்து, நீள ஒயரால் இணைத்தான். சார்ஜரைச் செருகியதும் ஹெட்போனில் ஓர் உறுமல் எழுந்தது. வீட்டு லைனில் எர்த் இல்லை. பிடுங்கிவிட்டான். இனி பாட்டரியில் இருப்பதுதான் கணக்கு; பழைய பாட்டரி. உறுமல் போனதும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தது வெளியே வந்தது.

தும். தும். தும்.

அவன் ஹெட்போனைக் கழற்றினான். ஊரெங்கும் உலக்கை. அடுத்த வாரம் திருவிழா. வீட்டுக்கு வீடு சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். காதுக்குப் பழகிப்போன சத்தம். மைக்குக்குப் பழகவில்லை. தரை வழியாக ஏறி, மைக்கின் கால் வழியாக வந்து, பதிவில் இடி இடித்தது.

“கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லலாமா?” என்று கேட்டான்.

முற்றத்தில் பேச்சு நின்றது. நதியாகூட வாயை மூடிக்கொண்டாள்.

அம்சவல்லிதான் முதலில் வாயைத் திறந்தாள். “உலக்கையவா?”

“பாடற நேரம் மட்டும்தாம்மா.”

“எம் பொண்ணு உசுரோட நிக்கறா தம்பி. அவ பேரச் சொல்லி ஊரு உலக்கைய நிறுத்தச் சொல்றியா?”

மோகன் அவனைத் தனியே இழுத்தான். “சாரிடா, சொல்லல. எங்க ஊர்ல சாவு விழுந்தாதான் உலக்கை நிக்கும். பொணம் எடுக்கற வரைக்கும் எந்த வூட்லயும் குத்த மாட்டாங்க. மத்தபடி நிறுத்தறதுன்னா... அம்மாவுக்கு அது ஒரு மாதிரி.”

கிளமென்ட் தலையாட்டினான். அந்த வழக்கம் அவனுக்குப் பிடித்துப் போயிற்று என்பதை மோகனிடம் சொல்லவில்லை. ஜெப்சியைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று எதிரே இருந்த மாவு மில் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கும்.

ஊர் நாட்டாமை பஞ்சாட்சரத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மனிதர் வந்து நிதானமாக உட்கார்ந்து, விஷயத்தைக் கேட்டு, மைக்கை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“அந்தக் குச்சிக்கு அவ்ளோ காதா?”

“ஆமாங்க. ஆட்டு மணிகூட கேக்கும்.”

“அப்போ மருமவ மாமியாள திட்டறதும் கேக்குமே. ஊருக்கு ஒன்னு வாங்கிப் போடலாம்” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அம்சவல்லி சிரிக்கவில்லை. அதைக் கண்டு பஞ்சாட்சரத்தின் முகம் மாறியது. “அம்சா சொல்றதுல தப்பு இல்ல. உலக்கை சும்மா நிக்கக்கூடாது.”

“சும்மா எங்க நிக்குது?” என்றாள் நதியா. “வெத்தலை போட சாத்தி வைக்கறோம். புள்ளைக்குப் பால் குடுக்க சாத்தி வைக்கறோம். அதெல்லாம் சாவா? ஊரே ஒன்னா வெத்தலை போடட்டுமே.”

பஞ்சாட்சரம் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். “அது ஞாயம். அம்சா, முதல் குத்து உங்க வூட்டு உரல்ல நீ போடு. அதுக்கப்புறம் ஊரு இளைப்பாறும். பாட்டு முடிஞ்சதும் மறு குத்தும் நீயே போடு. ஆரம்பிச்ச கையே முடிச்சுரும். நடுவுல நின்னதுக்கு நிறுத்தினதுன்னு பேரு இல்ல.”

அம்சவல்லி மகளைப் பார்த்தாள். சசிகலா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்சவல்லி எழுந்துபோய் உலக்கையை எடுத்தாள்.

தும்.

ஒரே குத்து. அது விழுந்த இடத்திலிருந்து அமைதி கிளம்பியது. பக்கத்து வீட்டு உலக்கை நின்றது. அதற்கடுத்தது. கீழ்த்தெரு. ஓடைக்கரை வீடு. யாரோ ஆட்டு மணிக்குள் இலையை அடைத்தார்கள். நதியா சேவலைக் கூடையில் போட்டு மூடி, கூடைமேல் கோணியைப் போர்த்தினாள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி குழந்தையோடு எழுந்து காட்டுப்பக்கம் நடந்தாள். கிளமென்ட் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றாக எடுபட்டுப் போக, கடைசியில் ஒன்றுமே இல்லாத ஒன்று மிஞ்சியது. ஒரு முழு ஊர், ஒரு பெண்ணுக்காக, கையைக் கட்டி வாயைக் கட்டி உட்கார்ந்திருந்தது. அவனுக்கு மயிர் சிலிர்த்தது. உடம்பில் அப்படி ஒன்று நடக்கும் என்பதையே மறந்திருந்தான்.

சசிகலா மூட்டைகளுக்கு நடுவே போய் நின்றாள். அவன் கை காட்டினான். அவள் வாயைத் திறந்தாள்.

பெட்டியில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஹெட்போனில் குரல் கிழிந்து கரகரத்தது.

“ஒரு நிமிஷம்” என்றான். “கொஞ்சம் பின்னால நில்லுங்க.”

அவள் மூட்டையோடு மூட்டையாக ஒட்டி நின்றாள். மறுபடியும் சிவப்பு. சின்ன வயதில் சாமைக் கொல்லையில் காவல் கிடந்த குரல் அது. ஒரு சரிவில் அவள் நிற்பாள். பள்ளத்துக்கு அப்பால் எதிர்ச்சரிவில் மோகன். பன்றி இறங்கினால், குருவி கூட்டமாக வந்தால், இங்கிருந்து பாட்டாகவே சேதி போக வேண்டும். அப்படி வளர்ந்த குரலுக்கு மைக்கைப் பார்த்து ஒடுங்கத் தெரியவில்லை.

“மெதுவாப் பாடுங்க” என்றான் கிளமென்ட்.

அவள் மெதுவாகப் பாடினாள். விளக்கு பச்சையில் நின்றது. பதிவு சுத்தமாக இருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. மோகன் ஹெட்போனை வாங்கிக் கேட்டான். அவன் முகம் சுருங்கியது.

“நல்லாத்தான் கீது” என்றான். “ஆனா யாருடா இது?”

கிளமென்ட் பெட்டியைப் பார்த்தான். செய்ய வேண்டியது என்ன என்று அவனுக்குத் தெரியும். பெட்டியின் முகப்பில் ஒரே ஒரு பெரிய திருகு. மைக் எவ்வளவு கேட்க வேண்டும் என்று சொல்வது அதுதான். பலத்த குரலுக்கு அதைக் குறைக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவன் விரல் இதுவரை இரண்டு தடவை அதன் பக்கத்தில் போய், தொடாமல் திரும்பிவிட்டது.

மடிக்கணினியில் பாட்டரி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. வெளியே ஊர் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. உரல் பக்கத்தில் உலக்கையை மடியில் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்சவல்லியின் உதடு அசைந்தது. சாமியை வேண்டுகிறாளா, அவனைத் திட்டுகிறாளா, தெரியவில்லை.

சசிகலா வெளியே வந்து வெந்நீர் குடித்தாள். அவன் பக்கத்தில் குந்திப் பெட்டியைப் பார்த்தாள்.

“இந்தச் செவப்புப் புள்ளி இன்னாண்ணா?” என்று குசுகுசுத்தாள்.

திருகைச் சுற்றியிருந்த வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே, பெட்டியின்மேல், நகச்சாயத்தில் ஒரு பொட்டு. திருகின் முனை அதை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

“என் மனைவி வச்சது.”

“எதுக்கு?”

“அவ குரலுக்கு அந்த அளவு சரியா இருக்கும். ஒவ்வொரு தடவையும் தேட வேணாம்னு.”

சசிகலாவுக்கு விஷயம் தெரியும். மோகன் சொல்லியிருந்தான். அவள் பொட்டையும் திருகையும் மாறி மாறிப் பார்த்தாள். திருகு ஏன் இன்னும் அங்கேயே நிற்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. சொம்பைக் கீழே வைத்தாள்.

“அப்போ நான் மெதுவாவே பாடறேண்ணா” என்றாள். “அதைத் திருப்பாதீங்க. நீங்க அனுப்பறது எப்படி இருந்தாலும் பரவால்ல.”

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். ஜமுக்காளம் மூடிக்கொண்டது.

கிளமென்ட் அந்த ஜமுக்காளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளே நின்று தன் குரலைக் குறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு பொட்டுக்குள் அடங்கும்படி. வானொலியையும் விட்டு, மெஷின் சத்தத்துக்குள் போகவும் சம்மதித்து. யாரோ ஒருத்திக்காக, அவளுக்கு முகம்கூடத் தெரியாத ஒருத்திக்காக. ஜெப்சி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாள்.

அவன் திருகைப் பிடித்தான். அவ்வளவு இலகுவாகத் திரும்பும் என்று நினைக்கவில்லை. இறுகிப்போயிருக்கும், பல்லைக் கடித்துத் திருப்ப வேண்டியிருக்கும் என்று ஏனோ நினைத்திருந்தான். அது விரலோடு வந்தது. பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. முனை மட்டும் அதைவிட்டு விலகி இடப்பக்கம் போயிற்று.

“சசிகலா” என்றான் ஜமுக்காளத்தைப் பார்த்து. “திருப்பியாச்சு. எதிர்க்கொல்லைக்குப் பாடறாப்ல பாடுங்க.”

உள்ளே ஒரு மூச்சு இழுபட்டது. ஹெட்போனில் அந்த மூச்சு மலையடிவாரத்தில் காற்று புறப்படுவதுபோல் கேட்டது.

“எட்டாத மேட்டுல சாமைக் கதிராட
எதிர்க்கொல்லைக் காவலே, கேக்குதா?
கிட்ட வரத் தேவையில்ல, கூப்பிட்டா போதும்,
கீழ்க்காத்து கொண்டாந்து சேக்குதா?”

பச்சை விளக்கு ஏறி, ஆரஞ்சைத் தொட்டு, அங்கேயே நின்று ஆடியது. சிவப்பு வரவில்லை.

குரல் சத்தமாக இல்லை, பெரிதாக இருந்தது. அதற்குள் தூரம் இருந்தது. எதிரொலி என்பதே இல்லாத ஓர் இடுக்கில், மூட்டைச் சாக்குக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றவளின் தொண்டையில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. அதன் இந்தக் கரையும் அந்தக் கரையும், நடுவில் இறங்கும் பனியும் இருந்தன. உதடு பிரியும் நுண்ணொலி கேட்டது. ‘கேக்குதா’ என்று முடிக்கும்போது குரல் இற்றுப்போகாமல், பதிலுக்கு இடம் விட்டு நின்றது. அந்த இடத்தில் எதிர்ச்சரிவுக்காரன் பதில் பாட வேண்டும். மோகன் வாயைத் திறந்துவிட்டான். திறந்த வாய்க்குள் தோள்துண்டைச் சுருட்டித் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட நின்றான்.

முற்றத்தில் எல்லோருக்கும் குரல் ஜமுக்காளத்தைத் தாண்டி மங்கலாகத்தான் வந்திருக்கும். ஆனாலும் யாரும் அசையவில்லை. பஞ்சாட்சரம் தலைத்துண்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். கிளமென்டுக்கு மட்டும்தான் அது முழுதாகக் கேட்டது. ஒரு மனிதத் தொண்டைக்குள் இவ்வளவு இருக்கிறதா? விலை குறைந்த ஒரு மைக், கையகலப் பெட்டி, நாற்பது ஐம்பது மூட்டைச் சாமை, வாய் பொத்திய ஓர் ஊர். இவ்வளவும் சேர்ந்து பிடித்துவைத்த அதை அவன் கையில் தண்ணீர் ஏந்தியிருப்பவன்போல் அசையாமல் கேட்டான்.

பாட்டு முடிந்தது. அவன் எழுந்து கை காட்டுவதற்குள் அம்சவல்லிக்குப் பொறுக்கவில்லை.

தும்.

திரையில், பாட்டின் அலை அடங்கிய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அந்தக் குத்து மலைபோல் நிமிர்ந்து நின்றது. அதற்கப்புறம் ஊர் முழுக்க உலக்கைகள் எழுந்தன. கூடைக்குள்ளிருந்து சேவல் கோபமாகக் கூவியது.

குத்தை மட்டும் வெட்டி எடுத்தான். மற்றபடி எதையும் தொடவில்லை, மூச்சுகளை அழிக்கவில்லை. ஹெட்போனை அம்சவல்லியின் காதில் மாட்டினான். அவள் கேட்டாள். எதிரே வாயை மூடிக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தாள். ஹெட்போனைத் தூக்கிப் பார்த்தாள், மறுபடி வைத்தாள்.

“வாயத் தொறக்கல” என்றாள், காதடைத்தவர்கள் பேசுவதுபோல் உரக்க. “ஆனா பாடறா! இத்தினி நாளு எம் பக்கத்துலயே இருந்தாளே, இது எனக்குக் கேக்கவே இல்லியே!”

ஊரில் சிக்னல் கிடைப்பது மேல்பாறையில்தான். மோகனும் சசிகலாவும் கிளமென்டும் ஏறினார்கள். மூன்று மணி வெயிலில் கீழே பள்ளத்தாக்கு நீலமாகக் கிடந்தது. கோப்பு மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்தது. இறங்கலாமா என்று எழுந்தபோது சசிகலாவின் போன் அடித்தது. அவள் அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

“இது எந்த ஸ்டுடியோவுல எடுத்ததும்மா?” என்றது ஓர் ஆண்குரல்.

“எங்க வூட்டு சாமை ரூமுல சார்.”

“திங்கட்கிழமை வந்துடுங்க. எங்களுக்கும் ரூம் எப்படி செட் பண்ணணும்னு கொஞ்சம் சொல்லுங்க.”

மோகன் பாறையிலிருந்து கீழே பார்த்து ஒரு கூவல் போட்டான். முற்றத்திலிருந்து நதியா பதிலுக்குக் கூவினாள். சசிகலா கத்தவில்லை. கிளமென்டைப் பார்த்து, “ஷூ கம்பெனிக்கு நான் போகலண்ணா” என்றாள், அவனுக்குத் தெரியாத சேதியைச் சொல்வதுபோல்.

இறங்கி வந்ததும் சாப்பாடு போட்டார்கள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். கிளமென்ட் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான். ஒயரைச் சுருட்ட உட்கார்ந்தபோது அம்சவல்லி எதிரே வந்து அமர்ந்தாள்.

“அவ சொன்னா. அந்தப் பொட்டு பத்தி.”

அவன் ஒயரைச் சுருட்டினான்.

“உன் வூட்டுக்காரி குரலு இதுக்குள்ள கீதா தம்பி?”

“இருக்கும்மா.”

“நீ கேப்பியா?”

“இல்ல.”

“போடு” என்றாள். “நாங்க கேக்கறோம்.”

பாட்டரியில் கொஞ்சம் மீதி இருந்தது. அவன் மறுத்திருக்கலாம். மறுக்க நிறையப் பேச வேண்டும். ஆனால் இந்த முறை அவன் ஒத்துக்கொண்டது அதனால் இல்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே போனான். அம்சவல்லியும் சசிகலாவும் பின்னால் வந்து நெருக்கியடித்து நின்றார்கள். நதியா ஜமுக்காளத்துக்கு வெளியே நின்று எட்டிப்பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று திரும்பி முற்றத்துக்குப் போனாள்.

அவள் யாரிடம் என்ன சொன்னாள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு உலக்கை நின்றது. அதற்கடுத்தது. கீழ்த்தெரு. ஓடைக்கரை. இந்த முறை யாரும் முதல் குத்துப் போடவில்லை.

அவன் விசையைத் தட்டினான்.

மடிக்கணினியின் சின்ன ஸ்பீக்கர். அந்த அறைக்கு அதுவே போதுமாக இருந்தது. முதலில் புடவைகள் உரசும் ஒலி. ஒரு தொண்டைச் செருமல். பிறகு மெல்லிய, பக்கத்தில் நிற்கும் குரல்:

“கிளமென்ட், கேக்குதா? ரெட் லைட் வருதா? வரலல்ல? சரி, பொட்டு வச்சிட்டேன்.”

ஒரு சிரிப்பு. அதற்குப் பின் அவள் பாடினாள். அரைப் பாட்டுதான், ஒத்திகை. சாமை மூட்டைகள் அதில் ஓர் இழையைக்கூட வீணாக்காமல் வாங்கிக்கொண்டன. அவன் நின்றபடியே கேட்டான். கண்ணிலிருந்து வழிந்தது தாடைக்கு வந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. அழுகிறோம் என்பதைவிட, அது இன்னும் உள்ளே இருந்தது என்பதுதான் அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பாட்டு நின்றது. ஊர் நின்றபடியே இருந்தது. ஒரு மாவு மில் நிறுத்தாததை, அவளைக் கண்ணால் கண்டிராத இந்த மலை, ஒன்றரை வருடம் கழித்து நிறுத்தி வைத்திருந்தது.

அம்சவல்லி வெளியே போய் உரல் பக்கத்தில் நின்றாள். உலக்கையைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு, திறந்த ஜமுக்காளத்தின் வழியாக அவனையே பார்த்தாள். காத்திருந்தாள். அவசரம் இல்லை என்பதுபோல் நின்றாள்.

கிளமென்ட் மடிக்கணினியை மூடினான். மூட்டைமேல் கை வைத்து ஒரு மூச்சு விட்டான். பிறகு அவளைப் பார்த்துத் தலையசைத்தான்.

தும்.

அடுத்த வீட்டில் ஒன்று. அதற்கடுத்த வீட்டில் ஒன்று.